அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள், டீச்சர்

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 3 கற்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். அவர்களில் ஒரு பையனுக்கு எட்டு வயதாகியும் தன் பெயரை எழுத வரவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் கோடு கோடாக இழுத்து வைக்கிறான். பேச்சும் குறைவு. கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் திரும்புவதே இல்லை. மழை பெய்தால் எழுந்து வெளியே ஓடிவிடுகிறான். மற்றப் பெற்றோர் முறையிடுகிறார்கள். "இந்தப் பிள்ளைக்கு இங்கே கற்பிக்க முடியாது, விசேட பாடசாலைக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுதித் தரும்படி அதிபர் என்னிடம் கேட்கிறார். விடுகைப் பத்திரத்துக்குத் தாயிடம் கையொப்பமும் வாங்க வேண்டுமாம். தாய் கொழுந்து பறிப்பவர். தகப்பன் கொழும்பில் கடை வேலை. பகலில் வீட்டில் இருப்பது நடக்க மாட்டாத அப்பாயி ஒருவர்தான். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் எழுத வேண்டும் என்று சட்டம் இருப்பதாக வாசித்தேன். நமக்கு அப்படி ஏதாவது உண்டா? விசேட கல்விப் பயிற்சி பெறாத நான் என்ன செய்வது?
— ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். "கற்பிக்க முடியாது" என்று வகுப்பாசிரியர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் ஒரு தாள் அந்தப் பிள்ளையின் கோப்பில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு அவனைப் பார்க்கிற ஒவ்வொருவரும் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள். அவனுக்கு என்ன சிரமம் என்று இதுவரை யாரும் பரிசோதிக்கவில்லை. உங்கள் கடிதத்தில் வைத்தியர் என்ற சொல்லே இல்லை. பரிசோதிக்காத ஒன்றுக்குத் தீர்ப்பு எழுத உங்களுக்கும் அதிகாரம் இல்லை, அதிபருக்கும் இல்லை.

விடுகைப் பத்திரம் கொடுத்த அடுத்த நாள் காலையை நினைத்துப் பாருங்கள். பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, நேரமானதும் தாய் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எட்டு வயதுப் பையனைச் சேர்க்க மாட்டார்கள். நடக்க மாட்டாத அப்பாயி, ஓடுகிற பிள்ளை, லயத்துக்குப் பின்னால் ஓடை. கடைசியில் கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் அந்தத் தாய் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். இப்படிப் பூட்டிய காம்பராக்களை என் வேலைக் காலத்தில் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு பாடசாலையின் வரவு இடாப்பில் பெயர் இருந்தவர்கள். "விசேட பாடசாலைக்கு அனுப்பியாகிவிட்டது" என்று காகிதத்தில் இருக்கும். போய்ச் சேர்ந்தார்களா என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

இனி சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் வாசித்தது சரி. அமெரிக்காவில் 1975 முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. பிள்ளையைப் பரிசோதிக்க வேண்டும், தனியாள் கல்வித் திட்டம் எழுத வேண்டும், பெற்றோரையும் அந்த மேசையில் உட்கார வைக்க வேண்டும், உடன்பாடு இல்லையென்றால் அவர்கள் வழக்காடலாம். இலங்கையில் விசேட கல்விக்கென்றே இவ்வளவு விரிவாக எழுதப்பட்ட தனிச் சட்டம் இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்க நமக்குத் தெரிய வேண்டும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கானது. குறைபாடு இருக்கிறது என்ற காரணத்தைக் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் உங்கள் பிள்ளையின் விடயத்தில் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. அது பேசுவது அனுமதியைப் பற்றி. உள்ளே வந்த பிள்ளைக்கு வகுப்பறையில் என்ன கிடைக்க வேண்டும் என்று அது விரிவாகச் சொல்லவில்லை. இன்னொன்று, தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானாக முழுமையாகவோ ஓரளவோ நிறைவேற்றிக்கொள்ள முடியாதவரையே அது வலது குறைந்தவர் என்று வரையறுக்கிறது. உங்கள் பையன் வீட்டில் தண்ணீர் தூக்குகிறவனாக, விறகு பொறுக்குகிறவனாக, கடைக்குப் போய் வருகிறவனாக இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பது எழுத்தும் பேச்சும் பற்றித்தான். அவனை அந்த வரையறைக்குள் கொண்டுவர ஒரு வழக்கறிஞர் நிறையப் பாடுபட வேண்டியிருக்கும்.

ஆகவே என் கருத்தில் உங்களுக்கு இன்னும் உறுதியான பிடி கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிதான். கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் வந்தது அது. முதலில் 5 முதல் 14 வயது வரை என்றிருந்ததை 2016இல் 16 வயது வரை உயர்த்தினார்கள். அந்த விதி பிள்ளையின் வயதைப் பார்க்கிறதே தவிர, வாசிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று பெற்றோருக்குக் கடமை விதித்துவிட்டு, அதே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப் பெற்றோரிடமே கையொப்பம் வாங்குவது எப்படிப் பொருந்தும்? அதிபரிடம் பணிவாக இந்தக் கேள்வியை வையுங்கள். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவுகளுக்கு வலயத்தில் பதில் சொல்ல வேண்டியவர், 38 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்ற நிலைமையைத் தினமும் பார்க்கிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்லியிருக்கிறார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை, குறைபாடுள்ள பிள்ளையைப் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது, அவனுக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் ஒரு சமவாயம் நீதிமன்றத்தில் நேரடியாகப் பேச வேண்டுமானால் உள்நாட்டுச் சட்டமாக வர வேண்டும் என்பதால், கடிதத்தில் மேற்கோள் காட்டலாம், அதையே நம்பி வழக்குக்குப் போக முடியாது.

சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உங்களைப் போன்றவர்களை மறந்துவிடுகிறார்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். "பிள்ளையை விலக்காதே" என்று ஆசிரியையிடம் சொல்லும் சட்டம், உதவியாளர் ஒருவரைத் தருவதில்லை, வகுப்பின் தொகையைக் குறைப்பதில்லை, பயிற்சிக்கு அனுப்புவதில்லை. சுவர் இல்லாத நீண்ட மண்டபத்தில் ஒரு பக்கம் தரம் 2, மறுபக்கம் தரம் 4 சத்தம் போட, நடுவில் நின்று கற்பிப்பது என்னவென்று எனக்குத் தெரியும். உங்கள் களைப்பு குற்றம் அல்ல. அதை அந்தப் பிள்ளையின் பெயரில் எழுதிவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

இப்போது பிள்ளைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, மழை பெய்தால் அவன் வெளியே ஓடுகிறான் என்பது. தகரக் கூரையில் மழை விழும்போது அந்த மண்டபத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. காது நன்றாக இருக்கிற பிள்ளை கொஞ்சம் தவித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். காது மந்தமான பிள்ளைக்கு அந்த நேரத்தில் எல்லாமே அறுந்துபோகும். வேறு சில பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே தாங்க முடியாத வேதனையாக இருக்கும், அதனால் ஓடுவார்கள். இரண்டில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது காது, அடுத்தது கண் என்று உறுதியாகச் சொல்வேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சிறுமியைப் பார்க்க என்னை அழைத்தார்கள். பிடிவாதக்காரி, சொன்னதைச் செய்யாதவள், புத்தி மந்தம் என்றார்கள். அவளுடைய தலையணை உறையில் மஞ்சளாகக் கறை படிந்திருப்பதைத் தாய்தான் கொண்டுவந்து காட்டினார். கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்தே இரண்டு காதிலும் சீழ். ஆசிரியையின் வாயைப் பார்த்து வகுப்பை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் அந்தப் பிள்ளை. ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அவளுக்குப் பாடம் முடிந்துவிடும்.

நீங்கள் வகுப்பிலேயே செய்யக்கூடியது இது. மழையில்லாத ஒரு நாள், இடைவேளையில் மண்டபம் காலியாக இருக்கும்போது, அவன் ஏதாவது விளையாடிக்கொண்டிருக்கட்டும். அவனுக்குப் பின்னால் நின்று, உங்கள் நிழல்கூட அவன் முன்னால் விழாமல், சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு இன்னும் மெதுவாக. பிறகு இடப்பக்கம், வலப்பக்கம். திரும்புகிறானா, எப்போது திரும்புகிறான் என்று பாருங்கள். இன்னொரு நாள், கரும்பலகையில் உள்ள அதே சொல்லை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவன் முன்னால் வைத்து, பார்த்து எழுதச் சொல்லுங்கள். பலகையைப் பார்த்து இழுத்த கோடும், தாளைப் பார்த்து எழுதியதும் வேறுபட்டால் கண் வைத்தியரிடம் சொல்ல உங்களிடம் ஒரு சான்று இருக்கிறது. இவை மருத்துவப் பரிசோதனை ஆகாது. வைத்தியருக்குக் கொண்டுபோகும் குறிப்பு மட்டும்தான்.

அதிபர் கேட்ட கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் எழுத வேண்டியது அந்தக் குறிப்பைத்தான். அரைப் பக்கம் போதும். திகதி போடுங்கள். "கவனம் இல்லை", "மந்தம்", "அடங்காதவன்" போன்ற சொற்கள் ஒன்றும் வேண்டாம். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள், உதாரணமாக: பின்னாலிருந்து கூப்பிட்டபோது திரும்பவில்லை, முன்னால் நின்று கூப்பிட்டபோது வந்தான், மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை, ஒரு வேலை சொன்னால் செய்கிறான், இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் முதலாவதைச் செய்துவிட்டு நிற்கிறான். அவனால் முடிந்ததையும் எழுதுங்கள். எதையாவது எண்ணுகிறானா, யாரோடு சேர்ந்து விளையாடுகிறான், எந்தப் பாடத்தில் அமைதியாக உட்காருகிறான். முடியாததை மட்டும் அடுக்கிய குறிப்பு அதிபர் கேட்ட கடிதமாகவே மாறிவிடும்.

அந்தக் குறிப்போடு பிள்ளை உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போக வேண்டும். தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள். தாயைக் கர்ப்பக் காலத்திலிருந்தே அறிந்தவராக இருப்பார். பிள்ளையின் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் தாய் தேடி எடுக்கட்டும். எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்று வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். அங்கிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, தேவைப்பட்டால் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். வைத்தியர் தமிழ் வாசிக்காதவராக இருக்கலாம். உங்கள் பாடசாலை ஆங்கில ஆசிரியரிடம் சொல்லிக் குறிப்பை ஆங்கிலத்திலும் எழுதி இரண்டையும் ஒன்றாக இணைத்துக் கொடுங்கள். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று புரியாமல் தலையாட்டிவிட்டு வருகிற தாய்மார் எத்தனையோ பேர். வைத்தியர் சொன்னதைக் கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்கிவரும்படி சொல்லி அனுப்புங்கள்.

ஒரு விடயத்தில் தாயைக் கடிந்துகொள்ளாதீர்கள். கிளினிக்குக்குப் போகிற நாளில் அவருக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. பஸ் காசும் போய்விடும். கிழமைக்கு ஒரு தடவை வரச் சொன்னால் அவரால் வர முடியாது, அது அக்கறை இல்லாமை அல்ல. முடிந்தவரை எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நாளில் போடும்படி குறிப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம். குறைபாடு உறுதியானால், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாதாந்த உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். அப்பாயி முனியாண்டி கோயிலில் கயிறு கட்ட வேண்டும் என்றால் கட்டட்டும். அதைக் கேலி செய்தால் கிளினிக்குக்கும் வர மாட்டார்கள். கயிறும் கட்டட்டும், காதையும் காட்டட்டும்.

வகுப்பில் என்ன செய்வது? முதலில் இடத்தை மாற்றுங்கள். வாசலுக்கும் யன்னலுக்கும் தூரமாக, உங்கள் மேசைக்கு அருகில், உங்கள் முகம் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலையை அவனுக்குக் கொடுக்காதீர்கள், அதில் அவன் கற்றுக்கொள்வது தோற்பதை மட்டும்தான். அவனுக்குத் தரம் 3 பாடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அது வேண்டாம். முதன்மை நிலை ஒன்றுக்கான (தரம் 1, 2) அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிப் பட்டியலை எடுங்கள். அவன் எதை அடைந்திருக்கிறான் என்று பார்த்து, அடையாத முதலாவதிலிருந்து தொடங்குங்கள். அது கலைத்திட்டத்துக்கு உட்பட்டதுதான், மேற்பார்வைக்கு வருகிறவர் கேட்டால் அந்தப் பட்டியலையே காட்டலாம். அவனுக்கான இலக்கு இரண்டோ மூன்றோ போதும். இந்தத் தவணைக்குள் தன் பெயரை எழுத வேண்டும், வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைப் பார்த்து அடையாளம் காண வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி, தாயையும் அழைத்து வாசித்துக் காட்டி, தவணை முடிவில் என்ன நடந்தது என்று அதன் கீழேயே எழுதுங்கள். அமெரிக்கச் சட்டம் கேட்கிற தனியாள் திட்டத்தின் உயிர் இவ்வளவுதான். நம் நாட்டில் அதை எழுதும்படி உங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை, ஆனால் எழுத வேண்டாம் என்று தடுக்கும் சட்டமும் இல்லை.

தினமும் அவனுக்கென்று பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். மற்றவர்கள் பயிற்சி எழுதும் நேரத்தில் முடியும். தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுத வையுங்கள். பெயரின் முதல் எழுத்தில் ஆரம்பியுங்கள். கூடை, மலை, அம்மா, நாய் என்று அவன் தினமும் தொட்டுப் புழங்குகிற சொற்களை அட்டையில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. பொறுமையான ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஆனால் எப்போதும் ஒரே பிள்ளையை அல்ல, அந்தப் பிள்ளைக்கும் படிப்பு இருக்கிறது. மழை வந்தால் எழுத்து வேலையை நிறுத்திவிட்டு வகுப்பு முழுவதையும் படம் வரைய வைத்துப் பாருங்கள். அவன் ஓடுகிறானா, உட்காருகிறானா என்பதையும் குறிப்பில் சேருங்கள்.

முறையிடும் பெற்றோரிடம் பிள்ளையின் குறைகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். "அவனை வைத்தியரிடம் காட்டுகிறோம், உங்கள் பிள்ளையின் படிப்பு கெடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். தோட்டத்தில் ஒரு சொல் மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்குப் போக அரை மணி நேரம் ஆகாது.

விசேட கல்வி அலகுகளை நான் எதிர்க்கிறேன் என்று எண்ண வேண்டாம். சாதாரணப் பாடசாலைக்குள்ளேயே இயங்கும் நல்ல அலகுகள் உண்டு. கேட்கவே முடியாத, பார்க்கவே முடியாத பிள்ளைக்குச் சைகை மொழியும் பிரெயிலும் தெரிந்த ஆசிரியர்கள் அவசியம் தேவை. ஆனால் பரிசோதனை முடிந்த பிறகு, இந்தப் பிள்ளைக்கு அதுதான் பொருத்தம் என்று தெரிந்த பிறகு, தமிழ்மொழியில் கற்பிக்கிறார்களா, யார் தினமும் அழைத்துப் போய் வருவது என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் அந்தப் பேச்சு. போகும் பாடசாலையிலிருந்து சேர்த்துக்கொள்கிறோம் என்ற கடிதம் கையில் வராமல் விடுகைப் பத்திரம் எடுக்கக் கூடாது. தாயிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாத எந்தத் தாளிலும் அவர் கையொப்பமிட வேண்டாம்.

அதிபர் பிடிவாதமாக நின்றால், வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரிக்கு, பிள்ளையை வந்து பார்க்கும்படி ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் அரச ஆசிரியை, ஆகவே "அதிபர் ஊடாக" என்றுதான் எழுத வேண்டும். அதிபர் மறித்தாலும் தாய்க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பெற்றோர் என்ற முறையில் அவர் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு நேராக எழுதலாம். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம், அந்த உரிமையை அரசியலமைப்பு தருகிறது. பதிவுத் தபாலில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அப்படியும் பிள்ளையை நிறுத்தினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கண்டியில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. அதில் நாளைத் தவறவிட வேண்டாம்: அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் கொடுக்க ஒரு மாதம்தான் அவகாசம், அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பெரும்பாலும் இவ்வளவு தூரம் போக வேண்டியிராது. வலயத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தாலே பேச்சின் போக்கு மாறிவிடும்.

இந்தத் தாள்கள் ஒவ்வொன்றையும் பிரதி எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள், ஒரு பிரதி தாயிடமும் இருக்கட்டும். தரம் 5இலும் க.பொ.த. சாதாரண தரத்திலும் மேலதிக நேரம், எழுதுவதற்கு ஒருவர், பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் அதிபர் வழியாகக் கேட்கலாம். அப்போது வைத்திய அறிக்கை கேட்பார்கள். பரீட்சை ஆண்டில் ஓடித் திரிந்து வாங்கிய ஒரு துண்டைவிட, தரம் 3இலிருந்து சேர்த்த கோப்பு பலமாகப் பேசும்.

காதுப் பரிசோதனைக்கு நாள் குறித்ததும் எனக்கு எழுதுங்கள். அரைப் பக்கக் குறிப்பைப் பிள்ளையின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் நீக்கிவிட்டு அனுப்பினால், வைத்தியரிடம் போவதற்கு முன் படித்துப் பார்த்து, எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று சொல்கிறேன்.